இருபத்தொன்பதாம் வாசல்

இரண்டு தட்டு. ஆள்காட்டி விரலின் முட்டியால், மெதுவாக. பிறகு மூன்று மூச்சு நேரம் காத்திருப்பு. அதற்கப்புறம்தான் அம்சவேணி எதையும் திறப்பாள், எதையும் மூடுவாள். எங்கள் கிட்வாய் நகர் அடுக்ககத்தில் லிஃப்டின் முன்னால் நின்று தட்டுவாள். தன் வீட்டுப் பீரோவைத் தட்டுவாள். ஒருநாள் என் வீட்டு ஃபிரிஜ்ஜிலிருந்து தயிர் எடுத்துக்கொள்ளச் சொன்னேன், அதையும் தட்டினாள். உள்ளே இருந்த கத்தரிக்காய் "வாங்க" என்று பதில் சொன்னதாக நான் இன்றும் அக்கம்பக்கத்தில் சொல்லிவருகிறேன். அம்சவேணி அதை மறுத்ததில்லை.

"தட்டுறதுல நமக்கு என்ன நட்டம், டீச்சரம்மா? ஆளு இருந்தா சொல்லப்போறாங்க. இல்லாட்டி கதவு கோவிச்சுக்கிரவா போகுது?"

ஊர் மேலூர். டெல்லிக்கு வந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. மதுரைப் பேச்சு மாறவில்லை. நடுவில் 'அச்சா'வும் 'சலோ'வும் வந்து ஒட்டிக்கொண்டதோடு சரி. ஓர் அரசு அலுவலகத்தின் அடித்தளத்தில் வேலை. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அவளுக்கு மெமோ வரும், எனக்கு அவள் கையால் மோர்க்குழம்பு வராது.

மே மாதத்தில் இந்த ஊர் தோசைக்கல்லாகக் காயும்போது அம்சவேணி மட்டும் கம்பளிச் சால்வை, குரங்குக் குல்லா, காலுறை சகிதம் ஆட்டோ ஏறுவாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "தபியத் டீக் ஹை, மாதாஜி?" என்று உடம்பு சுகமா என விசாரிப்பார். அவள் வேலை பார்க்கும் கூடத்தில் வருடம் பூராவும் மார்கழி. இயந்திரங்களுக்குச் சூடு ஆகாது. ஜன்னல் கிடையாது. ஆயிரம் மின்விசிறிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருக்கும். ஆள் உயர அலமாரிகளுக்கு நடுவே ஒருவர் போகலாம். எதிரே இன்னொருவர் வந்தால் யாராவது ஒருவர் உடம்பைத் திருப்பி ஒதுங்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஊழியர்களின் விவரங்கள் எல்லாம் அங்கே பெரிய தகவல் கிடங்குகளில் இருக்கின்றன. கிடங்குகளையும் கணினிகளையும் கோத்துவிடும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். அதன் முகத்தில் நாற்பத்தெட்டுத் துளைகள். அலுவலகத்தார் போர்ட் என்பார்கள். அம்சவேணி வாசல் என்பாள். கண்ணாடி இழை ஓடும் கேபிளை வாசலில் சொருகி, அந்தப் பக்கம் இயந்திரமும் விழித்திருந்தால் பச்சை விளக்கு எரியும். பச்சை எரியும் வாசல்களைக் கவனிக்க ஆறு பேர் இருக்கிறார்கள். எரியாதவை எல்லாம் அம்சவேணியின் பொறுப்பு.

ஆளில்லாத வீட்டுக்குக் காவலா என்று கேலி செய்தேன்.

"அதுக்குத்தான் காவலு வேணும்" என்றாள். "குடியிருக்கிற வீட்டுல களவாணி நுழைஞ்சா வீட்டுக்காரன் கத்துவான். காலி வீட்டுல யாரு கத்துவா?"

நியாயம்தான். திறந்து கிடக்கும் வாசலில் எவனோ ஒரு கேபிளைச் சொருகினால் கிடங்கையே உறிஞ்சிவிடலாம். ஆகவே எந்த வாசல் எத்தனை நாளாக ஊமையாக இருக்கிறது என்று அவள் பட்டியல் வைத்திருக்கிறாள். தொண்ணூறு நாள் பச்சை எரியாவிட்டால் அது காலி என்பது அலுவலக விதி. கணினியில் கட்டளை கொடுத்து மூடிவிட்டு, தூசி போகாமல் ஒரு ரப்பர் மூடியையும் போட வேண்டும். மூடுவதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறுமனே சாத்திவைப்பது. மின்சாரம் போய்வந்தால் தானாகவே திறந்துகொள்ளும். மற்றது நிரந்தரப் பூட்டு. எத்தனை முறை மின்சாரம் போய்வந்தாலும் அசையாது.

அந்த ரப்பர் மூடிகள் அவள் கைப்பையில் எப்போதும் கிடக்கும், பெப்பர்மிண்டோடு கலந்து. எங்கள் வாயில் காவலருக்கு ஒருநாள் பெப்பர்மிண்ட் என்று ஒரு மூடியைக் கொடுத்துவிட்டாள். அவர் மரியாதைக்காக அரைமணி நேரம் மென்றார். நான் முக்கால் மணி என்றுதான் வழக்கமாகச் சொல்வேன்.

எங்கள் கட்டடத்தில் யாருக்கும் ஒதுக்காத வீடுகள் ஒன்பது. அவற்றையும் அவள் விட்டுவைக்கவில்லை. ஏழாம் மாடியில் அப்படி ஒரு வீட்டுப் பால்கனியில் குழந்தையின் சட்டை ஒன்று காய்ந்தது. நாங்கள் நாலைந்து பேர் பார்த்தோம். அவரவர் வேலையைப் பார்க்கப் போனோம். அம்சவேணி ஏறிப்போய் இரண்டு தட்டுத் தட்டினாள். பெயிண்ட் அடிக்க வந்தவர் மனைவி மக்களோடு அங்கேயே தங்கிவிட்டிருந்தார். யாரிடமும் சொல்லாமல் ஒரு டப்பா புளியோதரையைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

"காலினு பலகைதான் சொல்லுது. பலகைக்கு என்ன தெரியும்?"

ஒருமுறை கைபேசியில் ஒரு படம் காட்டினாள். கன்னங்கரேல் என்ற இருட்டின் நடுவே ஊதாவாக ஒரு புள்ளி. கேபிள் இல்லாத, ஆனால் மூடப்படாத ஒரு வாசலின் உட்புறம் அது. அந்த ஒளி வெறும் கண்ணுக்குத் தெரியாது. உற்றுப் பார்த்தால் கண்ணே போய்விடும். கேமராவுக்கு மட்டும் அகப்படும். எதிரே ஒருவரும் இல்லை. ஆனாலும் அது ஒளியைப் பாய்ச்சியபடியே இருக்கிறது.

"என்ன செய்கிறது?" என்றேன்.

"கூப்பிடுது. யாராச்சும் இருக்கீங்களானு கேக்குது. நாம மூடுற வரைக்கும் கேட்டுக்கிட்டே கெடக்கும்."

அந்தப் படத்தை அழித்துவிடச் சொன்னேன். அவள் அழிக்கவில்லை.

வீட்டில் அவளும் மகள் பிரியதர்ஷினியும்தான். மகள் குருகிராமில் கணினிக் கம்பெனியில் இருக்கிறாள். தமிழைப் பேசுவாள், படிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். தன் முன்னாலேயே அம்மா குளியலறைக் கதவைத் தட்டுவதைப் பார்த்து ஒருநாள் சலித்துக்கொண்டாள்.

"மம்மி, பஸ் கரோ, போதும். வீட்டுல ரெண்டே பேர்தான். நான் இங்க இருக்கேன், நீ இங்க இருக்க. உள்ள யாரு?"

அம்சவேணி ஒரு நொடி யோசித்தாள். யோசித்துவிட்டு இன்னொரு முறை தட்டினாள்.

இந்தத் தட்டல் அவளுக்குப் பிறவிப் பழக்கம் இல்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

ஓய்வுபெற்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை, நவம்பர் மாதத்தில், தாங்கள் உயிரோடு இருப்பதாக அந்த அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்ததைச் சரிபார்க்கப் பழைய சர்வர் ஒன்று இருந்தது. பதினொரு மாதம் அதை அணைத்துவைப்பார்கள். நவம்பரில் மட்டும் எழுப்புவார்கள். அதன் கேபிள் வந்து சேர்ந்த இடம் ஸ்விட்சின் இருபத்தொன்பதாம் வாசல். அந்த அக்டோபரில் அம்சவேணி பட்டியலைப் பார்த்தாள். இருபத்தொன்பதில் முந்நூறு நாளாக விளக்கு இல்லை. விதி தொண்ணூறு நாள். கேபிளை உருவினாள், வாசலைச் சாத்தினாள், மூடியைப் போட்டாள், 'காலி' என்று கையெழுத்திட்டாள்.

நவம்பரில் சர்வரை எழுப்பினார்கள். அது கிடங்கைத் தேடியது, கிடைக்கவில்லை. நானூற்றுச் சொச்சம் பேர் உயிரோடு இருப்பது உறுதியாகவில்லை என்று இயந்திரம் எழுதிவைத்தது. அவர்கள் இலவசமாக மருந்து வாங்கும் மருந்தக அட்டைகள் செத்துப்போயின. எங்கே கோளாறு என்று ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்குக் கடிதம் எழுதியது. "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்று எல்லாப் பிரிவுகளும் பதில் எழுதின. அம்சவேணியும் அப்படித்தான் எழுதினாள்.

அந்த நானூறு பேரில் ஒருவர் அப்பாவு. எழுபத்தொன்பது வயது. அதே அலுவலகத்தின் தபால் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். கோல் மார்க்கெட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, காலை பத்து இருபதுக்கு வரவேற்பறையின் கண்ணாடித் தடுப்பில் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். மூன்று மூச்சு காத்திருப்பார். தமிழ்க்காரர் என்பதால் வரவேற்பறைக்காரர் அம்சவேணியை மேலே கூப்பிட்டார்.

"நான் இருக்கேன்னு உள்ள சொல்லும்மா. வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்லியாச்சுங்கய்யா. நாளைக்குச் சரியாயிரும்."

மறுநாளும் பத்து இருபதுக்கு இரண்டு தட்டு. மறுநாளும் அவள் அதையே சொன்னாள்.

"நேத்து சொன்ன நாளைக்கா, இல்ல இது வேற நாளைக்கா?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். புகைமூட்டத்தில் இருமிக்கொண்டு, மஃப்ளரைக் கழற்றாமல், ஒரு கால்மணி நேரம் அங்கே நிற்பார். பிறகு போவார். பதினொரு வேலை நாள் வந்தார்.

பதினோராம் நாள் சாயங்காலம் வேறு எதற்கோ ஸ்விட்சின் முன்னால் நின்றபோது, இருபத்தொன்பதில் தான் போட்ட மூடி அம்சவேணியின் கண்ணில் பட்டது. சரிசெய்ய நாலு நிமிடம் ஆயிற்று. நானூறு பேரும் உயிரோடு வந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் தானே சொல்ல வேண்டும் என்று பத்து மணிக்கே வரவேற்பறையில் போய் நின்றாள். அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். மகன் எடுத்தார். பதினோராம் நாள் வீட்டுக்குப் போனவர், படியேறும்போது உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவில்லை. ஒன்பது நாளாக இருதய மாத்திரை இல்லை. கடையில் வாங்கித் தருகிறேன் என்று மகன் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். "என் அட்டை இருக்கும்போது நான் எதுக்குக் கடைக்குப் போகணும்?" என்று கிழவர் பிடிவாதமாக இருந்துவிட்டார்.

குளிர், வயது, புகை, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம் என்று எல்லோரும் அவளுக்குச் சொன்னார்கள். நானும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். தட்ட ஆரம்பித்தாள்.

இதுவரை சொன்னதற்குக் கோப்பில் சாட்சி இருக்கிறது. இனிமேல் சொல்லப்போவதற்கு இயந்திரம்தான் சாட்சி. என் பேச்சில் பாதியைத் தள்ளுபடி செய்து கேட்பவர்கள் இந்த இடத்தில் மட்டும் அப்படிச் செய்ய வேண்டாம்.

அடுத்த கோடையில் அந்தப் பழைய சர்வரைக் கழற்றிக் காயலான் கடைக்கு அனுப்பினார்கள். லாரியில் ஏற்றியதை அம்சவேணி நின்று பார்த்தாள். இருபத்தொன்பதில் இப்போது கேபிள் இல்லை. எதிரே இயந்திரமே இல்லை. மூடி போட்டாள். நவம்பர் வந்தது. ஸ்விட்ச் தன்பாட்டில் ஒரு நாட்குறிப்பு எழுதும். எந்த வாசலுக்கு யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்று. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பிறக்கும்போதே கொடுக்கப்பட்ட பதினாறு இலக்க எண் ஒன்று உண்டு. அதைச் சொல்லித்தான் உள்ளே வர முடியும். நாட்குறிப்பில் இருந்தது இது: பத்து இருபதுக்கு இருபத்தொன்பதாம் வாசலில் வருகை. கழற்றி அனுப்பிய அதே சர்வரின் எண். பத்து முப்பத்தைந்துக்குப் போனது. பதினொரு வேலை நாள் வந்தது. பன்னிரண்டாம் நாள் வரவில்லை.

ஸ்விட்ச் விற்ற கம்பெனியின் ஆளைக் கூப்பிட்டாள். மின்சாரம் போய்வந்திருக்கும், மூடிய வாசல் திறந்திருக்கும் என்றார் அவர். மின்சாரம் போகவில்லை. அப்படியானால் உள்ளே இருக்கும் ஒளிக்குழல் கெட்டிருக்கும் என்று புதியது மாற்றிக்கொடுத்தார். அடுத்த நவம்பரில், புதிய குழலில், பதினொரு நாள்.

"மேல சொன்னா என்னைய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாய்ங்க, ஸ்விட்சைக் காயலான் கடைக்கு அனுப்புவாய்ங்க. ரெண்டும் வேணாம்னு இருந்துட்டேன்."

இருந்துவிட்டாள் என்றால் சும்மா இருக்கவில்லை. வருடம் பூராவும் இருபத்தொன்பதைச் சாத்தியே வைப்பாள். நவம்பர் முதல் தேதி இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திறந்துவைப்பாள். மாதக் கடைசியில் மறுபடியும் சாத்துவாள். பட்டியலில் 'காலி' என்றே இருந்தது. யாரும் கேட்கவில்லை. முதல் இரண்டையும் சேர்த்து நான்கு நவம்பர்.

இந்த வருடம் ஷ்ரவண் வந்தார். அம்சவேணிக்குப் புதிய மேலதிகாரி, முப்பத்து நான்கு வயது, டெல்லி மோதி பாகில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. குரலை உயர்த்தாதவர், வேலையில் கெட்டி. நவம்பரில் தணிக்கை. காலியான வாசல்கள் முப்பத்தொன்று. அத்தனைக்கும் நிரந்தரப் பூட்டுப் போட வேண்டும். இவற்றில் யாரும் எதுவும் இல்லை என்று அம்சவேணி ஒரு சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். ஒன்று திறந்திருந்தாலும் தணிக்கையில் தோல்வி. கூடத்தை வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிடுவார்கள், அவள் வேலையும் அதோடு போகும். அவர் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. அதுதான் அவளுக்குக் கஷ்டம்.

வெள்ளிக்கிழமைக்குள் முப்பது வாசல்களுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள், ஒவ்வொன்றையும் தட்டித் தட்டி. அந்த வெள்ளிக்கிழமை பதினோராம் வேலை நாள்.

அதற்கப்புறம் நடந்ததை ஷ்ரவணே என்னிடம் சொன்னார், அன்று சாயங்காலம் அவளைத் தன் காரில் கொண்டுவந்து விட்டபோது, எங்கள் கட்டடத்தின் கீழே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து. அம்சவேணி பக்கத்தில் இருந்தாள். எந்த இடத்திலும் அவரைத் திருத்தவில்லை. நான் இதில் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

காலை பத்து பதினேழுக்கு இருவரும் ஸ்விட்சின் முன்னால் நின்றார்கள். ஷ்ரவண் மடிக்கணினியில் பூட்டுப் போடும் கட்டளையை அடித்துவைத்திருந்தார். ஒரு விசை அழுத்தினால் முடிந்தது.

"வேணி மேடம், டுவென்டி நைன் மட்டும் ஏன் பாக்கி?"

"இன்னும் மணி ஆகலை சார்."

"எதுக்கு மணி? காலி போர்ட்தானே? நீங்களே காலின்னு ஸைன் பண்ணியிருக்கீங்க."

"போன தடவையும் நாந்தான் சார் ஸைன் பண்ணேன்."

அவருக்கு விளங்கவில்லை. அம்சவேணி முன்னால் போய், மூடி போட்ட வாசலுக்குப் பக்கத்தில் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். மூன்று மூச்சு நின்றாள். விசிறிகளின் இரைச்சலைத் தவிர ஒன்றும் இல்லை.

"குச் நஹி ஹை, ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் ஷ்ரவண், அன்பாகவே. விரல் விசைமேல் இருந்தது.

மூடியின் தலைக்கு மேல் பச்சை எரிந்தது.

மடிக்கணினித் திரையில் பதினாறு இலக்கம் வந்து நின்றது. ஷ்ரவண் அந்த எண்ணைத் தேடிப் பார்த்தார். நான்கு வருடத்துக்கு முன் அப்புறப்படுத்தியது என்று பதில் வந்தது. அவர் கையை நீட்டி மூடியை எடுத்தார். உள்ளே கேபிள் இல்லை, வெறும் துளை. பச்சை அணையவில்லை. அவர் பிறகு கேட்ட கேள்விதான் எனக்கு மறக்காது. கம்ப்யூட்டர் படித்தவர், இயந்திரத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கலாம்.

"யாரு மேடம் அது?" என்று கேட்டிருக்கிறார்.

அவள் சொன்னாள். ஐந்து வருடத்துக் கதை. பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. 'நாளைக்குச் சரியாயிரும்' என்று தான் எத்தனை முறை சொன்னாள் என்பதையும் சேர்த்தே சொன்னாள். ஷ்ரவணின் விரல் எப்போது விசையை விட்டு விலகியது என்று அவருக்கே நினைவில்லை. மடிக்கணினியை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார்.

அம்சவேணி கைப்பையிலிருந்து சான்றிதழை எடுத்தாள். முப்பத்தொன்று என்று இருந்ததை அடித்து முப்பது என்று எழுதிச் சுருக்கொப்பம் இட்டாள். பட்டியலில் இருபத்தொன்பதுக்கு எதிரே 'காலி' என்ற சொல்லை அடித்தாள். அதற்கு மேல் 'ஆள் உண்டு' என்று எழுதினாள். பயன்படுத்துபவர் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் எழுதுவதுதான் முறை. அவள் தமிழில் அப்பாவு என்று எழுதி ஷ்ரவணிடம் நீட்டினாள். தமிழில் தன் பெயரைத் தவிர வேறு எதையும் எழுத்துக்கூட்டிப் படிக்காத பிள்ளை, ஒவ்வோர் எழுத்தாக உதட்டை அசைத்துப் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டார்.

தணிக்கைக்காரர் என்ன சொல்வார் என்று இருவருக்கும் தெரியாது. அவர் திங்கட்கிழமை வருகிறார்.

பத்து முப்பத்தைந்துக்குப் பச்சை அணைந்தது.

இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒருவர் போகத்தான் இடம். வாசலுக்கு நேரே, பாதையை அடைத்தபடி ஷ்ரவண் நின்றுகொண்டிருந்தார். அம்சவேணி அவருடைய சட்டைக் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். முதுகு அலமாரியில் ஒட்டும்படி அவரை நிறுத்தி, தானும் சால்வையை ஒடுக்கிக்கொண்டு, ஒருக்களித்து ஒதுங்கி வழிவிட்டாள்.